தொப்பூர் ஏற்றத்துல கூலன்ட் 108: இன்டர்கூலர் எங்கே வைக்கணும், ரேடியேட்டரை நகர்த்தணுமா?

பாலக்கோடு_டர்போ

வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி கணக்கு 110 பிஎஸ், ரீமேப்புக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) அப்புறம் 130 பக்கம், உச்ச பூஸ்ட் (டர்போ கொடுக்கிற கூடுதல் காற்றழுத்தம்) 1 பார். தினமும் ராயக்கோட்டை வழியா ஓசூர், வாரம் ஒரு தடவை சேலம். ஏசி, சர்வீஸ், மைலேஜ் எல்லாம் ஒழுங்கா இருக்கணும்.

கம்பெனி இன்டர்கூலரை (டர்போ அழுத்திச் சூடான காற்றை இன்ஜினுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆற வைக்கிறது) எடுத்துட்டு 600 × 300 × 76 மி.மீ. பார் அண்ட் பிளேட் கோர் (தடிச்ச அலுமினியத் தட்டு அடுக்கினது) முன்னால மாட்டியிருக்கு. முன்னிருந்து பின்னா வரிசை: இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர், ஃபேன். ஓபிடி ரீடர்ல (வண்டியோட சென்சார் அளவைப் படிக்கிற கருவி) எடுத்த எண்கள் இவை. சேலத்துப் பக்கமிருந்து தொப்பூர் ஏற்றம், 60 கி.மீ. வேகம், ஏசி ஓடுது, வெளியே 39 டிகிரி: கூலன்ட் முன்னாடி 95, இப்போ 105-லிருந்து 108. இன்டேக் காற்று முன்னாடி 62, இப்போ 50. ஓசூர்ல டிராபிக்ல பத்து நிமிஷம் நின்னா கூலன்ட் 102, ஏசி காத்தும் வெதுவெதுன்னு ஆயிடுது.

இதுக்கு மூணு யோசனை வந்திருக்கு. ஒண்ணு, ரேடியேட்டரை 40 மி.மீ. பின்னால தள்ளி ஸ்லிம் ஃபேன் போடுறது. ரெண்டு, இன்டர்கூலரை ரேடியேட்டருக்குப் பின்னால கொண்டு போறது. மூணு, ரெண்டையும் சாய்ச்சு வி வடிவத்துல மாட்டி பானட்ல ஓட்டை போடுறது. எது சரி? இல்ல, தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு) கழற்றிட்டா போதும்ங்கறாங்களே, அதுவா?

கிருஷ்ணகிரி_கணக்கு

மூணும் வேணாம். தெர்மோஸ்டாட் யோசனை நாலாவது தப்பு. ஏன்னு சொல்ல, முதல்ல சூடு எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டி ஆட்களோட 1,400 கிலோ, ஏற்றம் 5 சதவீதம், வேகம் 60னு வைங்க. மேல ஏறுறதுக்கு மட்டும் சுமார் 11.5 கிலோவாட். டயர், காற்றுத் தடை, கியர்பாக்ஸ் இழப்பு, ஏசி கம்ப்ரசர் எல்லாம் சேர்த்தாலும் இன்ஜின் 20 கிலோவாட் கொடுத்தா போதும், அதாவது 27 பிஎஸ். உங்க 130 பிஎஸ்ல கால்வாசி கூட இல்ல. அந்த நிலையில கூலன்ட் தூக்கிட்டு வர்ற சூடும் கிட்டத்தட்ட 20 கிலோவாட்தான். கண்டென்சர் வெளியே தள்ளுற சூடு 5 அல்லது 6.

இன்டர்கூலர்? இந்த லோடுல இன்ஜின் இழுக்குற காற்று வினாடிக்கு 20 கிராம் சொச்சம். பூஸ்ட் 0.4 பார்னு வெச்சா, 40 டிகிரி காற்று கம்ப்ரசரை விட்டு 85-ல வரும். அதை 50-க்கு இறக்கினா இன்டர்கூலர் வெளியே விடுற சூடு முக்கால் கிலோவாட். அவ்வளவுதான். வீட்டு இஸ்திரிப் பெட்டி இதைவிட ஜாஸ்தி சூடு விடும்.

ஆக, உங்க கூலன்ட் 10, 12 டிகிரி ஏறினதுக்குக் காரணம் இன்டர்கூலரோட சூடு இல்ல. அது காற்றை மறிக்குது, இல்லன்னா மாட்டும்போது வேற ஏதோ காற்று வழியைக் கெடுத்திருக்காங்க.

முழு பூஸ்ட்ல கதை வேற. 40 டிகிரி, 1 பார், கம்ப்ரசர் திறன் 70 சதவீதம்னா காற்று 138 டிகிரியில வெளியே வரும். அப்போ இன்டர்கூலர் 6, 7 கிலோவாட் வரைக்கும் தள்ளும், ரேடியேட்டருக்குப் போற காற்று அதுலயே பத்து டிகிரிக்கு மேல சூடாயிடும். ஆனா என்எச் 44-ல லாரிக்கு நடுவுல அந்த பூஸ்ட்டை பத்து வினாடிக்கு மேல யாரும் பிடிக்க முடியாது. தொடர்ந்து ஏறுற கூலன்ட்டுக்கு அது காரணம் ஆகாது.

இன்டர்கூலர் பின்னால, ரேடியேட்டர் முன்னாலங்கறதை மறந்துடுங்க. ஏசி ஓடுற ஏற்றத்துல ரேடியேட்டருக்குப் பின்னால காற்று 70, 80 டிகிரி இருக்கும். 85-ல வர்ற காற்றை 75 டிகிரி காற்றால எப்படிக் குளிர வைக்கிறது? லோடு குறைஞ்ச நேரத்துல அது இன்டேக் காற்றைச் சூடு பண்ற ஹீட்டராவே மாறிடும். 95 டிகிரி கூலன்ட்டுக்கு 50 டிகிரி காற்று வந்தாலும் 45 டிகிரி வித்தியாசம் மிச்சம் இருக்கு. டர்போவிலிருந்து வர்ற காற்றுக்கு அந்த வசதி கிடையாது. குளிர்ச்சி அதிகம் தேவைப்படுறது எதுவோ அது முன்னால நிக்கணும். கம்பெனிக்காரன் அந்த வரிசையை வெச்சது காரணத்தோடதான்.

காவேரிப்பட்டணம்_ரேடியேட்டர்

கணக்கு சரி. இனி கையால தொட்டுப் பார்க்க வேண்டியதைச் சொல்றேன். பம்பரைக் கழற்றுங்க தம்பி, எல்லாம் அங்கேதான் இருக்கு.

முதல்ல கீழே பாருங்க. ரேடியேட்டர் சப்போர்ட்டுக்குக் கீழ கம்பெனி ஒரு ரப்பர் லிப் கொடுத்திருப்பான், கருப்பா, 50 மி.மீ. தொங்கும். வேகத்தடையில உரசுதுன்னு பாதிப் பேர் அதைக் கழற்றிடுறாங்க. வெறும் அலங்காரம்னு நினைப்பு. அந்த லிப்புக்குப் பின்னால அழுத்தம் குறையும்; இன்ஜின் ரூமுக்குள்ள இருக்கிற சூடான காற்றைக் கீழ்ப்பக்கமா உறிஞ்சி வெளியே எடுக்கிறதே அதுதான். லிப்பும் அடித்தட்டும் இல்லன்னா வண்டிக்கு அடியில ஓடுற காற்று இன்ஜின் ரூமுக்குள்ள ஏறி, ரேடியேட்டருக்குப் பின்பக்கம் முட்டிட்டு நிக்கும். முன்னாலிருந்து வர்றது அப்புறம் எப்படி உள்ளே போகும்? இன்டர்கூலர் பைப் விடுறதுக்காக அடித்தட்டை வெட்டியிருந்தா, பைப் போற இடத்துக்கு மட்டும் ஓட்டை விட்டு மீதியை அலுமினியம் ஷீட்ல மூடுங்க.

ரெண்டாவது, பக்க இடுக்கு. இன்டர்கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? 10-லிருந்து 25 மி.மீ. இருக்கலாம். ஒட்டி வைக்கக் கூடாது, அதிர்வுல ஃபின்னும் ஃபின்னும் (கோர்ல இருக்கிற மெல்லிய தகடு) தேஞ்சு கண்டென்சர்ல கேஸ் போயிடும். ஆனா அந்த இடைவெளியோட நாலு ஓரமும் அடைச்சிருக்கணும். காற்று சோம்பேறி. 76 மி.மீ. தடிமன் கோரைத் தாண்டிப் போறதைவிட ஓரத்து இடுக்குல நழுவிப் போயிடும். மேல பானட் லாக் பக்கம், ரெண்டு ஹெட்லைட்டுக்கும் கீழ, இந்த மூணு இடத்துல கை நுழைஞ்சா காற்றும் நுழையும்.

ஓசூர் சிக்னல்ல ஏசி வெதுவெதுன்னு ஆகுதுன்னீங்களே, அதுக்கும் இதே இடுக்குதான் காரணமா இருக்கும். வண்டி நிக்கும்போது ஃபேன் மட்டும்தான் காற்றை இழுக்குது. ஃபேன் பின்னால தள்ளின சூடான காற்று பக்க இடுக்கு வழியா சுத்தி முன்னால வந்து மறுபடி கண்டென்சருக்குள்ள போகும். குளத்துத் தண்ணியை எடுத்து அதே குளத்துல ஊத்துற மாதிரி.

மூணாவது, ஃபேன் ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் கூடு. ரேடியேட்டரை பின்னால தள்ள வேண்டாம்னு சொல்றதுக்கு இதுவே காரணம். கம்பெனி ஷ்ரவுட் கோர் முழுசையும் மூடி, ஃபேன் எல்லா மூலையிலிருந்தும் இழுக்கும். ஸ்லிம் ஃபேன் ரெண்டை நேரா கோர் மேல டை கட்டி மாட்டினா, வட்டத்துக்கு நேரா இருக்கிற ஃபின் மட்டும்தான் வேலை செய்யும். மூலை எல்லாம் சும்மா இருக்கும். ஷ்ரவுட்ல சின்ன ரப்பர் கதவு இருந்தா, வேகமா ஓடும்போது அது தானா திறந்து காற்றை விடும். அதையும் அடைச்சிடாதீங்க.

கடைசியா கிரில். நீளமான எச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு) நம்பர் பிளேட் 500 × 120 மி.மீ. சில வண்டியில அது நேரா பம்பர் வாய் மேலயே உட்கார்ந்திருக்கும். வேற எங்கேயும் தூக்கி மாட்ட முடியாது, ஆனா அதுக்குப் பின்னால 25 மி.மீ. ஸ்பேசர் வெச்சா பிளேட்டைச் சுத்தி காற்று உள்ளே போகும். எல்இடி பார், கூடுதல் ஹாரன், பூச்சிக்குப் போட்ட கொசுவலை எதுவா இருந்தாலும் எடுத்துடுங்க. எலுமிச்சை மிளகாய் தொங்கினா இருந்துட்டுப் போகட்டும்.

மத்தூர்_லேத்

சீல் பண்றது சரிதான், ஆனா அதோட நிறுத்தினா பாதி வேலை. அந்த கோரே இந்த வண்டிக்கு அதிகம்.

76 மி.மீ. பார் அண்ட் பிளேட் 250, 300 பிஎஸ் வண்டிக்கு வர்றது. அதோட குணம் என்னன்னா, எடை நிறைய, அதனால சின்ன நேரப் பூஸ்ட்ல வர்ற சூட்டை உலோகமே வாங்கி வெச்சுக்கும். ஆனா வெளிக்காற்றுக்கு அது ஒரு சுவர். 130 பிஎஸ் தினசரி வண்டிக்கு 50 மி.மீ. டியூப் அண்ட் ஃபின் கோர் (மெல்லிய குழாயும் தகடும் சேர்ந்த லேசான வகை) போதும். இன்டேக் காற்று மூணு நாலு டிகிரி கூடலாம். ரேடியேட்டருக்குக் காற்று தாராளமா போகும். உயரமும் 300 வேணாம். 550 × 180 அளவுல எடுத்து பம்பரோட கீழ்வாய்க்கு நேரா மாட்டினா ரேடியேட்டரோட மேல்பாதி திறந்தே இருக்கும்.

பைப் விஷயம் யாரும் சொல்லல. 51 மி.மீ. உள்விட்டம் இந்த இன்ஜினுக்கு தாராளமா போதும், 63 வரைக்கும் போகலாம், அதுக்கு மேல போனா பூஸ்ட் வர்றது தாமதமாகும். பைப் நுனியில பீடிங் (ஹோஸ் நழுவாம இருக்க சுத்தி வர்ற மேடு) உருட்டியிருக்கணும். வழுவழுன்னு வெட்டின நுனியில சிலிக்கான் ஹோஸ் போட்டா, எவ்வளவு முறுக்கினாலும் ஒருநாள் கழண்டு வரும். சாதாரண ஸ்குரூ கிளாம்ப்புக்குப் பதிலா டி-போல்ட் கிளாம்ப். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது; அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு வளையுற ஹோஸாவது இருக்கணும்.

லீக் பார்க்கணும்னா ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி, டர்போ வாயில வால்வு வெச்ச மூடி போட்டு, 0.7 பார் காற்று விட்டு சோப்பு நுரை தடவுங்க. ஆயில் மூடியைத் திறந்து வைங்க, இல்லன்னா கிராங்க் கேஸ்ல அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும். பூஸ்ட் லீக் இருந்தா அதே பவருக்கு டர்போ இன்னும் வேகமா சுத்தி காற்றை இன்னும் சூடாக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. பம்பருக்குள்ள இருக்கிற இரும்பு இம்பாக்ட் பாரை கோர் பொருந்தணும்னு வெட்டியிருந்தாங்கன்னா அந்த வண்டியை ஓட்டாதீங்க, வேற பார் வாங்கி மாட்டுங்க. அதே மாதிரி ஏர்பேக் சென்சர் முன் சப்போர்ட்ல இருக்கும்; அதை இடம் மாத்தியிருந்தா பழைய இடத்துக்கே கொண்டு போங்க.

ஊத்தங்கரை_கூலன்ட்

தெர்மோஸ்டாட்டுக்கு வர்றேன். கழற்றினா தண்ணி வேகமா ஓடி நல்லா குளிரும்னு நினைப்பு. பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்கே திரும்புற வழி) அடைக்கும். அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். கூலன்ட்ல ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம இன்ஜினைச் சுத்தி வரும். ஏற்றத்துல சூடு இன்னும் ஏறும். காலையில குளிர்ல இன்ஜின் சூடாக நேரம் எடுத்து, இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை ஊத்திட்டே இருக்கும்.

இன்டர்கூலர் மாட்டும்போது ரேடியேட்டரைக் கழற்றினாங்களா? ஆமான்னா, திரும்ப என்ன தண்ணி ஊத்தினாங்கன்னு கேளுங்க. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணி எப்படின்னு தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடுக்காக வந்தது. ஃப்ளோரைடு கெடுக்கறது பல்லையும் எலும்பையும். ரேடியேட்டரைக் கெடுக்கறது அதே தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். கெட்டில் அடியில படியுற வெள்ளைப் படிவம் ரேடியேட்டரோட மெல்லிய குழாய்க்குள்ள படிஞ்சா வழி அடைபடும், சூடும் கடத்தாது. டிஸ்டில்டு வாட்டர், மேனுவல்ல சொன்ன வகை கூலன்ட், சொன்ன விகிதம். நிறம் ஒண்ணா இருக்குன்னு ரெண்டு வகையைக் கலக்காதீங்க, நிறத்துக்கும் உள்ளே இருக்கிற மருந்துக்கும் சம்பந்தம் இல்ல.

ஏர்லாக்கும் (கூலன்ட் வழியில காற்று மாட்டிக்கிறது) பாருங்க. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ப்ளீட் ஸ்குரூவைத் திறந்து, ஹீட்டரை முழு சூட்டுல வெச்சு, மெதுவா ஊத்தி, குமிழி இல்லாம தண்ணி வந்ததும் மூடணும். அப்புறம் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் ஐடில்ல விட்டு, ஆறினதும் மட்டத்தைச் சரி பாருங்க. ஹீட்டர் காற்று ஒரு நேரம் சூடா, ஒரு நேரம் குளிர்ச்சியா வந்தா உள்ளே இன்னும் காற்று இருக்கு.

கிருஷ்ணகிரி_கணக்கு

கோர் குறையா, காற்று வழி குறையான்னு மத்தூர்க்காரருக்கும் காவேரிப்பட்டணத்தாருக்கும் நடுவுல ஊகம் வேணாம், அளந்துடலாம். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

மீன் தொட்டிக்குப் போடுற 4 மி.மீ. கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் குழாய் 5 மீட்டர் வாங்குங்க. நடுப்பகுதியை யூ வடிவத்துல வளைச்சு ஸ்கேல் ஒட்டின அட்டையில கட்டி, பாதி உயரத்துக்குச் சாயத்தண்ணி ஊத்துங்க. ரெண்டு நுனியையும் பானட் இடுக்கு வழியா முன்னால கொண்டு போங்க. நுனி காற்றுக்கு நேரா பார்க்கக் கூடாது, காற்று ஓட்டத்துக்குக் குறுக்கா திரும்பியிருக்கணும். ஒரு நுனி இன்டர்கூலருக்கு முன்னால, இன்னொண்ணு ரேடியேட்டருக்குப் பின்னால. அடுத்த ஓட்டத்துல பின்நுனியை இன்டர்கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவுல மாத்துங்க. பக்கத்துல உட்கார்ந்தவர்தான் படிக்கணும், ஓட்டுறவர் இல்ல. காற்று வீசாத காலையில, தருமபுரி காவேரிப்பட்டணம் நடுவுல சமதளமான இடத்துல, 80-ல.

வேகம் கொடுக்கிற மொத்த அழுத்தம் 80-ல சுமார் 27 மி.மீ. நீர் உயரம்தான், 60-ல வெறும் 15. ஒரு விரல் நீளம் கூட இல்லாத தண்ணியைத் தூக்குற பலத்துலதான் மூணு கோரையும் காற்று தாண்டணும். முதல் அளவு ரொம்பக் குறைவா இருந்தா லிப், அடித்தட்டு, இடுக்கு. அந்த மொத்தத்துல பாதிக்கு மேல இன்டர்கூலரே தின்னா கோர் தடிமன்.

பாலக்கோடு_டர்போ

அளந்தாச்சு, 80-ல. இன்டர்கூலர் முன்னாலிருந்து ரேடியேட்டர் பின்னால வரை 11 மி.மீ. இன்டர்கூலர் மட்டும் 7. பம்பரைக் கழற்றிப் பார்த்ததுல லிப் இல்ல, அடித்தட்டுல இடது பக்கம் ஒரு அடி வெட்டியிருக்கு, கண்டென்சர் ஓர ஃபோம் கிழிஞ்சு தொங்குது. இம்பாக்ட் பார் நல்லா இருக்கு. கூலன்ட் என்ன ஊத்தினாங்கன்னு தெரியல. எதுல ஆரம்பிக்கிறது? ஃபோம்னா எந்த ஃபோம்?

கிருஷ்ணகிரி_கணக்கு

ரெண்டு பேரும் சொன்னது சரின்னு ஆச்சு. 27-ல 11தான் கோர்களுக்குக் கிடைக்குது, அதுல 7-ஐ இன்டர்கூலர் எடுத்துட்டா கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து மிச்சம் 4.

வி மவுன்ட் பத்தி ஒரு வரி, கேட்டதால. நீளவாக்குல இன்ஜின் இருந்து முன்னால இடம் தாராளமா இருக்கிற ரேஸ் வண்டிக்கு அது அருமை, ரெண்டுக்கும் புதுக்காற்று. உங்க வண்டியில குறுக்கா இன்ஜின், ரேடியேட்டருக்குப் பின்னால ஒரு சாண் இடம் இல்ல, கண்டென்சரை எங்கே வைப்பீங்க? பம்பர் ஓரத்துல வீல் ஆர்ச்சுக்கு முன்னால சின்ன கோர் வைக்கிற வழி ஒண்ணு இருக்கு, பழைய ஆக்டேவியா 1.8 டர்போ மாதிரி. ரேடியேட்டரை மறிக்காது. ஆனா காற்று வெளியே போக ஃபெண்டர் லைனர்ல துவாரம் விடணும், மழைக்கு சேறு அடைக்கும். ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ மாதிரி தண்ணி வழி இன்டர்கூலர்னா தனி பம்ப், தனிச் சின்ன ரேடியேட்டர். 95 டிகிரி இன்ஜின் கூலன்ட்டோட அதைச் சேர்க்கவே முடியாது. கம்பெனியிலிருந்து வந்தா நல்லது, கையால கட்ட வேண்டாம்.

காவேரிப்பட்டணம்_ரேடியேட்டர்

கூலன்ட்டை முதல்ல ஃப்ளஷ் பண்ணுங்க, என்ன ஊத்தினாங்கன்னு தெரியாத தண்ணியை வெச்சுட்டு மத்த எதையும் அளக்க முடியாது. அடுத்து லிப், அடித்தட்டு, ஃபோம். மூணையும் ஒரே நாள்ல முடிச்சு மறுபடி அளங்க. கோர் மாத்துறது அதுக்கப்புறம், செலவு அதுலதான்.

ஃபோம்னா ஈபிடிஎம் (ஒரு வகை ரப்பர்), தண்ணி குடிக்காத மூடிய செல் வகை, 25 மி.மீ. தடிமன், ஒரு பக்கம் பசை. மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வேண்டாம், தண்ணி குடிச்சு ஒரு மழைக்காலத்துல தூளாயிடும். ஒட்டுற இடத்தை தின்னர்ல துடைச்சுட்டு ஒட்டுங்க. பம்பர் வாயிலிருந்து கோர் வரைக்கும் பக்கச் சுவர் கட்ட 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட், இல்லன்னா 1.2 மி.மீ. அலுமினியம். முதல்ல போர்டு எழுதுறவங்க தூக்கிப் போடுற சன்பேக் பிளாஸ்டிக் அட்டையில வெட்டிப் பொருத்திப் பாருங்க, சரியா வந்ததும் அதையே அச்சா வெச்சு ஷீட் வெட்டலாம். வாய் கோர் அளவுக்கு அகலமா இருக்கணும்னு பம்பரை வெட்டாதீங்க. கோர் முகத்துல மூணுல ஒரு பங்கு திறப்பு இருந்தாலே போதும், சுவர் ஓட்டை இல்லாம விரிஞ்சு போனா சரி.

ஃபின்ல கிரானைட் லாரி தூசு படிஞ்சிருந்தா பின்பக்கத்திலிருந்து முன்பக்கமா சாதாரண ஹோஸ் தண்ணியில கழுவுங்க. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னை கிட்ட காட்டினா ஃபின் மடங்கி, இருக்கிற வழியும் அடைஞ்சிடும்.

மத்தூர்_லேத்

ஃபோம் ஒட்டினதுக்கு அப்புறம் மொத்தம் 18-க்கு மேல வந்து, இன்டர்கூலர் பங்கு பாதிக்குக் கீழ இறங்கிட்டா கோரை மாத்த வேண்டாம், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். இறங்கலைன்னா பழைய கோரை விக்கறதுக்கு முன்னாடி பைப் எந்தப் பக்கம் வருது, போகுதுன்னு போட்டோ எடுத்து வைங்க. புது கோர்ல வாய் ரெண்டும் ஒரே பக்கமா, எதிர் பக்கமான்னு பார்க்காம வாங்கினா பைப் முழுசும் மறுபடி செய்யணும். ரீமேப்பையும் இன்டர்கூலரையும் இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு எழுத்துல தெரிவிச்சாச்சான்னு பார்த்துக்குங்க.